அத்தையின் தொண்டை கட்டிய வெள்ளிக்கிழமை

இதை வாசிக்கிற சகோதரிகளுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சாட்சியில் நான் நல்லவள் இல்லை. ஒன்றரை வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சபை நடுவில் எழுந்து நின்று, வாயைத் திறக்காமலே பொய் சொன்னவள். அப்படிப்பட்டவள் கேட்டதற்கும் ஆண்டவர் பதில் கொடுத்தார் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நல்லவர்களுடைய சாட்சி வேண்டுமென்றால் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் பெயர் லில்லி. நாங்கள் மந்தைவெளியில் குடியிருக்கிறோம். நான், என் கணவர் சாமுவேல், அவருடைய அம்மா. அவர்களைத்தான் அத்தை என்கிறேன். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. 1991-ல் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த வருடமே இவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதன் பிறகு தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் நின்றார். அது இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை என்கிற மாதிரி வேலை. 1993 ஜனவரியில் எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதோம். சந்தோஷத்தில்தான்.

ஆனால் அந்த வேலை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். இன்டர்வியூவில் நிர்வாக அதிகாரி என் சர்டிபிகேட்டை எல்லாம் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"கல்யாணம் ஆயிடுச்சு. குழந்தை?"

"இல்லை சார்."

"இப்போதைக்கு ஐடியா எதுவும் இல்லையே?"

"ரெண்டு வருஷத்துக்கு இல்லை சார்."

அவர் பென்சிலால் என் விண்ணப்பத்தின் ஓரத்தில் '2 வருடம்' என்று குறித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை நிரந்தரமாக இரண்டு வருடம் ஆகும். அதற்குள் மாசமானால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இது எந்தக் காகிதத்திலும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அதிலும் எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவள் மாசமானால் அந்த அறைக்குள்ளேயே போகக்கூடாது. அவளுக்குப் பதில் வேறு ஆள் போட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெண் அப்படித்தான் போனாள். நான் உட்கார்ந்ததே அவளுடைய இடத்தில்தான்.

நானும் இவரும் பேசி முடிவு எடுத்தோம். 1995 ஜனவரி வரைக்கும் பிள்ளை வேண்டாம். நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாத லில்லி. அவங்க மாத்திரைய பாவம்னு சொல்லுவாங்க. வீடு ரெண்டாயிடும்" என்றார் இவர்.

நான் சரி என்றேன். அந்த ஒரு 'சரி' எனக்கு எவ்வளவு பெரிய நுகத்தடியாக வந்து உட்காரும் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை காலையில் பெண்களுக்கு உபவாச ஜெபம். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபிப்பார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு அடித்துக்கொள்வார்கள். என் அத்தையோ என்னை வெள்ளிக்கிழமை லீவு கேட்கச் சொன்னார்கள். ஞாயிறு காலை ஆராதனையை முடித்துவிட்டு மதிய டியூட்டிக்கு ஓடுவேன்.

வெள்ளிக்கிழமை எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்பு எழுதி ஒரு பெட்டியில் போடுவார்கள். அத்தைக்கு எழுதிப் போடுவதில் எல்லாம் திருப்தி வராது. எழுந்து நின்று, என்னையும் கையைப் பிடித்து எழுப்பி, வெண்கலத் தொண்டையில் ஆரம்பிப்பார்கள்.

"என் மருமவளுக்குக் கல்யாணம் ஆயி இத்தினி வருஷமாச்சு. வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. அவ கர்ப்பத்தத் தொறக்கணும் ஆண்டவரே!"

உடனே இருபது பெண்கள் வந்து என்னைச் சுற்றி நின்றுகொள்வார்கள். தலையில் கை, தோளில் கை, வயிற்றில் கை. கண்ணீர் விட்டு ஜெபிப்பார்கள். பாவம், எனக்காகப் பட்டினி கிடந்து அழுகிறார்கள். என் கைப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறது. நான் குனிந்துகொண்டு எனக்குள் சொல்வேன்: "ஆண்டவரே, இவங்க சொல்றதக் கேக்காதீங்க. ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கங்க." ஒரே வீட்டிலிருந்து, ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு மனு!

சிரிப்பு வருகிறதா? எனக்கு வந்ததில்லை. வியாழக்கிழமையே, நாளைக்குப் போகாமலிருக்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். இவர் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டியதில்லையே! மலடி என்ற பெயர் எனக்கு. ரகசியம் மட்டும் இரண்டு பேருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீங்க ஒரு வெள்ளிக்கிழமை வந்து எனக்குப் பதிலா நில்லுங்க, பார்க்கலாம்" என்று கத்திவிட்டேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

1994 ஜூன் மாதக் கடைசியில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. ஐந்தாறு நாள் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. அந்த மாத்திரையையும் சாப்பிடவில்லை. காய்ச்சல் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அடுத்த மாதம் தீட்டு லேசாகத்தான் பட்டது. சரி, உடம்பு பலவீனம், அதனால் குறைவாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் குழந்தைகளுக்கு இழுப்பும் இருமலுமாக எங்கள் அறை வாசலில் வரிசை. சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுப்பது லேசான காரியம் இல்லை. ஆடாமல் அசையாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அநேகமாக அம்மாவைத்தான் பிடிக்கச் சொல்வோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எக்ஸ்ரே அறைக்குள் வருகிற எந்தப் பெண்ணிடமும் அதைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

"தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சும்மா? மாசமா எதுவும் இல்லையே?"

ஒரு நாளைக்கு முப்பது தரமாவது கேட்பேன். ஒருநாள் ஒரு அம்மா, "மூணு மாசம் சிஸ்டர்" என்றாள். "அப்ப நீ வெளியே நில்லும்மா, நான் புடிச்சிக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு நானே அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டேன். கதிர்வீச்சைத் தடுக்க இருந்த இரண்டு ஈய அங்கியில் ஒன்று விரிசல் விட்டுப் போய்விட்டது, இன்னொன்றை வார்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அங்கி இல்லாமலே நின்றேன். எங்கள் அறையில் உதவிக்கு இருந்த பத்மா அக்கா வெளியே நின்று பட்டனை அமுக்கினார். அந்த மாதத்தில் அப்படி ஏழெட்டுத் தடவை நின்றிருப்பேன்.

மாதக் கடைசியில் எக்ஸ்ரே பிலிமைக் கழுவுகிற மருந்து வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது நாள் வாஷ்பேசினில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது பத்மா அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இன்னாடி லில்லி, மாசமா இருந்தா சொல்லுன்னு வாசல்ல போர்டு மாட்டிக்கினு, உள்ள நீயே மாசமா குந்திக்கினு கீறியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அங்கேயே நின்று நாள் எண்ணிப் பார்த்தேன். வருகிற போகிறவர்கள் எல்லாரிடமும் கேட்ட கேள்வியை நான் என்னிடம் கேட்கவே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். மந்தைவெளியில் ஒரு சின்ன லேபில் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொல்லப் பயந்து, செத்துப்போன என் அம்மாவின் பெயரைச் சொன்னேன். சாயங்காலம் என் அம்மா மாசமாக இருக்கிறாள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள்.

மறுநாள் மாம்பலத்தில் எனக்குத் தெரியாத ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டதுமே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எக்ஸ்ரே ரூம்லயா? கவசம் இல்லாமலா நின்னீங்க? எதுக்குமா ரிஸ்க்? நாளைக்கு ஊனமாப் பொறந்தா யாரு பாக்கறது? சின்ன வயசுதானே, கலைச்சிட்டு அடுத்தது பாத்துக்கலாம். செவ்வாய்க்கிழமை வெறும் வயித்தோட வாங்க" என்றார். ஐந்து நிமிடம்தான் பேசினார்.

வெளியே வந்தால் ரங்கநாதன் தெருக் கூட்டம். துணிப் பைகளோடு என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள். நான் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் புதன்கிழமை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அத்தை தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் சொன்னார்: "உன் இஷ்டம் லில்லி."

அந்த வார்த்தையை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மன்னித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம், கஷ்டம் என்று வந்ததும் என் இஷ்டம் ஆகிவிட்டதே! ஆனால் அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது. மனுஷர் பயந்துவிட்டார். நானும் பயந்துதான் போனேன், ஆனால் வயிறு என்னுடையது ஆயிற்றே.

வேலையை நினைத்துப் பார்த்தேன். இன்னும் நாலே மாதம். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது, வேலை நிற்கும். பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா என்று சரியாகச் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான், எங்கள் எக்ஸ்ரே துறையின் பெரிய டாக்டர். அவரிடம் கேட்டால் நான் மாசமாக இருப்பது தெரிந்துவிடும், வேலை போய்விடும். வேலையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் பிள்ளையைப் பற்றிக் கேட்கக்கூட முடியாது. இந்தச் சுழலில் இரண்டு நாள் கிடந்தேன்.

வியாழக்கிழமை மதியம் பிலிம் கழுவுகிற இருட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டேன். சின்ன சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அங்கே. பிலிமைத் தொட்டியில் தொங்கவிட்டுவிட்டு அப்படியே தரையில் முழங்கால் போட்டேன். சபையில் ஜெபிக்கிற பாஷை எதுவும் வரவில்லை. என் பாஷைதான் வந்தது.

"ஆண்டவரே, அத்தை வேணும்னாங்க, நான் வேணாம்னேன். நீங்க அவங்க பேச்சைத்தான் கேட்டீங்க, பரவாயில்ல. ஆனா இந்தப் புள்ள நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். நான் யார்கிட்டயும் கேக்க முடியாம மாட்டிக்கினு இருக்கேன். என் வாயைக் கட்டி வெச்சிருக்கறது நான்தான். நீங்க தொறந்து விடுங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள தொறந்து விடுங்க."

எழுந்து பார்த்தால் பிலிம் கறுத்துப் போயிருந்தது. அந்த நோயாளிக்கு மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது. பத்மா அக்காவை நிற்கச் சொல்லிவிட்டு நான் தள்ளி நின்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்தால் அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாதாரணமாக இல்லை, காற்றுதான் வருகிறது, சத்தமே இல்லை. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன், உபவாசம் என்று தள்ளிவிட்டார்கள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அந்தத் தொண்டை ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்றைக்காவது கொஞ்சம் சத்தம் இல்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் பாட்டு எல்லாம் முடிந்து ஜெபக் குறிப்பு நேரம் வந்தது. அத்தை வழக்கம்போல என் கையைப் பிடித்து எழுப்பினார்கள். வாயைத் திறந்தார்கள். உஸ் என்று காற்று வந்தது. மறுபடியும் திறந்தார்கள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கூட்டத்தை நடத்துகிற பாஸ்டரம்மா சொன்னார்: "உக்காருங்கம்மா, உங்க தொண்டைக்கு இன்னிக்கு லீவு. லில்லி சிஸ்டர், இன்னிக்கு நீங்களே உங்க வாயால கேளுங்க."

ஒன்றரை வருடத்தில் என் வாயால் கேள் என்று ஒருவரும் என்னிடம் சொன்னது கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவை. பெண்கள் வழக்கம்போல வந்து சுற்றி நின்று என் தலையில் கை வைத்தார்கள்.

சும்மா இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டு உட்காரலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கப்புறம் என் பேச்சு என் பிடியில் இல்லை.

"ஆண்டவரே, நான் மலடி இல்ல. நான் மாத்திரை சாப்ட்டேன். வேலைக்காக சாப்ட்டேன். இவங்க எல்லாரும் பட்டினி கெடந்து அழும்போது நான் பைக்குள்ள மாத்திரைய வெச்சிக்கினு நின்னேன். இப்ப மாசமா இருக்கேன். தெரியாம எக்ஸ்ரே ரூம்ல நின்னுட்டேன். புள்ளைக்கு இன்னா ஆச்சின்னு தெரியல. செவ்வாக்கெழம கலைக்கப் போறேன். எனக்குப் போவ இஷ்டம் இல்ல. எனக்குப் பயமா கீது."

ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை. என் தலைமேல் இருந்த கைகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. நான் கண்ணைத் திறக்கவில்லை. அத்தை எழுந்து வெளியே போவது காலடியில் தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? அத்தையின் காலில் விழவா, துணிமணியைக் கட்டவா?

நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை திரும்பி வந்தார்கள். கையில் ஒரு காகிதப் பொட்டலம், டீக்கடைக் கண்ணாடித் தம்ளரில் பால். முனையில் இருக்கிற டீக்கடைக்குப் போய் பன் வாங்கி வந்திருக்கிறார்கள்! என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். காற்றுக் குரலில் சொன்னார்கள்:

"வாயும் வயிறுமா இருக்கறவ பட்டினி கெடப்பியா? துன்னு மொதல்ல."

உபவாச ஜெபத்தின் நடுவில், இருபது பேர் பட்டினியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பன்னைப் பாலில் தொட்டுத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். உப்புக் கரித்த அந்த பன்னின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அத்தை உடனே மாறிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டு வாசலை மிதித்ததும் ஆரம்பித்தார்கள். தொண்டை இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. பாத்திரங்கள் எல்லாம் பேசின. "இத்தினி நாளா என்னை ஊர் சிரிக்க வெச்சிட்டீங்களே ரெண்டு பேரும்" என்று அந்தக் காற்றுக் குரலிலேயே மகனையும் சேர்த்துப் பிடித்தார்கள். இவர் முதல் தடவையாக, "நான்தாம்மா சொல்ல வேணாம்னேன். அவ மேல தப்பில்ல" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசியில் அத்தை சொன்னார்கள்: "அந்த வேல போனா போவுது, வுடு. புள்ளதான் முக்கியம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போனா போவுதா? நான் படிச்ச படிப்பு அத்த அது. அந்த வேலையிலதான் நாம மூணு பேரும் சாப்புடறோம். எனக்குப் புள்ளையும் வேணும், வேலையும் வேணும். போனா அழுதுட்டு வருவேன். ஆனா போனா போவுதுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன். அத்தை பாத்திரங்களைத் தட்டுவதை நிறுத்திவிட்டு எனக்குச் சோறு போட்டார்கள்.

சனிக்கிழமை காலை எங்கள் பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆகஸ்ட் மாத ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். எந்தெந்தக் குழந்தையைப் பிடித்தேன், எந்தப் பக்கம் நின்றேன், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் சட்டையில் குத்திக்கொள்கிற, கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜின் பழைய ரிப்போர்ட்டுகளையும் பார்த்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டார். நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் உயிர் அந்த மருந்துச் சீட்டில் இருந்தது.

"யாரும்மா கலைக்கச் சொன்னது?" என்றார். "குழந்தையோட நெஞ்சுல எடுக்கற எக்ஸ்ரே ரொம்ப ரொம்பக் கொஞ்சம். நீ பக்கவாட்டுல நின்னிருக்க. உன் மேல பட்டது அதுலயும் சிதறினது. இந்தக் காரணத்துக்காகக் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை. பொறக்கற எந்தக் குழந்தைக்கும் எந்த டாக்டரும் கேரண்டி கொடுக்க முடியாது. நானும் கொடுக்க மாட்டேன். ஆனா இதுக்காகக் கலைக்காதே. இன்னியிலேர்ந்து நீ ரூமுக்குள்ள காலை வெக்கக்கூடாது. நான் நிர்வாகத்துக்கு எழுதணும்."

இருட்டறையில் நான் கேட்டது இதைத்தானே! என் வாயைத் திறந்துவிடுங்கள் என்றேன். ஆண்டவர் என் வாயைத் திறப்பதற்கு முதலில் அத்தையின் வாயை அடைத்தார். மிச்சத்தை எல்லாம் வரிசையாக நடத்தினார்.

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி என் பைலைத் திறந்தார். பென்சில் குறிப்பு அப்படியே இருந்தது. "நீங்களே சொன்னதுதானே?" என்றார். "ஆமா சார், சொன்னேன். அப்படிச் சொல்ல வெச்சது தப்பு சார்" என்றேன். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வெளியே உட்காரச் சொன்னார். பெரிய டாக்டர் உள்ளே போனார். முக்கால் மணி நேரம். ராஜினாமா எழுத ஒரு வெள்ளைத் தாளும் மடியில் வைத்திருந்தேன்.

வேலை போகவில்லை. ஆனால் முழுசாகவும் கிடைக்கவில்லை. பிரசவம் வரைக்கும் பழைய பிலிம்களை அடுக்குகிற அறையில் வேலை. பிரசவத்துக்குச் சம்பளம் இல்லாத லீவு. திரும்பி வந்தால் இரண்டு வருடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதுவரை நான் உழைத்த இருபது மாதம் கணக்கில் வராது. இதுவும் அநியாயம்தான், எனக்குத் தெரியும். அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மாம்பலத்துக்குப் போகவில்லை. பிலிம் அறையில் தூசி தட்டிக்கொண்டு இருந்தேன்.

அதற்கப்புறம் வந்த மாதங்களும் லேசாகப் போகவில்லை. டாக்டர் கேரண்டி இல்லை என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தினமும் பயந்தேன். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அத்தை ஒரு கையில் குடையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவார்கள். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது, ஆயிரம் படம் பார்த்த நான் என் பிள்ளையின் படத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கண்ணைத் திறங்க" என்று சொன்ன பிறகுதான் திறந்தேன்.

1995 மார்ச் மாதக் கடைசியில் பெண் பிறந்தாள். மயக்கத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி, "எல்லாம் சரியா இருக்கா?" நர்ஸ் சொன்னாள்: "எல்லாம் சரியா இருக்கு. கோவம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு." வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள் என் பெண். அந்த அழுகையைக் கேட்டு நானும் வெளியே நின்ற அத்தையும் ஒரே நேரத்தில் ஸ்தோத்திரம் சொன்னோம். அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருடைய ஜெபமும் முதல் தடவையாக ஒத்துப்போனது. கிருபா என்று பெயர் வைத்தோம்.

சபையில் நன்றி சொல்லும் ஆராதனை வைத்தார்கள். பிள்ளை இல்லாத சகோதரிக்குக் கர்த்தர் பிள்ளை கொடுத்தார் என்று பாஸ்டர் ஆரம்பித்தார். அத்தை எழுந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். தொண்டை அப்போது கணீரென்று இருந்தது.

"ஐயா மன்னிக்கணும். என் மருமவ புள்ள இல்லாதவ இல்ல. அவ மனசுல இன்னா கீதுன்னு நான் ஒரு நாளு கூட கேக்கல. கேக்காமயே ஆண்டவர்கிட்ட போய்க் கேட்டுக்கினு இருந்தேன். ஆண்டவர் என் தொண்டைய அடைச்சித்தான் அவள பேச வெச்சாரு. இதான் சாட்சி."

சொல்லிவிட்டு மைக்கை நீட்டினார்கள். எனக்குச் சொல்ல மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

இப்போது கிருபாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. என் வேலை நிரந்தரமாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இவர் இப்போதெல்லாம் 'உன் இஷ்டம்' என்று சொல்வதில்லை, 'நாம என்ன பண்ணலாம்' என்கிறார். என் அறைக்கு வேலைக்கு வருகிற பெண்களை நான் தனியாகக் கூப்பிட்டு, "பயப்படாம என்கிட்ட சொல்லும்மா, அறைக்குள்ள போகாம நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைக்கிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இப்படி இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு இருக்கலாம். ஆபீசுக்கு ஒரு பதில், வீட்டுக்கு ஒரு பதில், ஆண்டவருக்கு ஒரு பதில் என்று வைத்திருக்கலாம். ஆண்டவருக்கு உங்கள் டியூட்டி நேரமும் தெரியும், உங்கள் மாமியாரையும் தெரியும். அவரிடம் அலங்காரமாகப் பேச வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி, உங்கள் வாயால் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார். மாமியார்மார்களுக்கும் ஒன்று: மருமகளுக்காக முழங்கால் போடுவதற்கு முன்னால், அவள் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. சபைக்கு வந்தால், "கிருபாவுக்குத் தம்பி எப்போ?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நாங்கள் அதற்காக ஜெபிக்கிறோமா இல்லையா என்பது எனக்கும் என் கணவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அத்தைக்குக்கூடத் தெரியாது. அவர்கள் கேட்பதும் இல்லை. எங்கள் வீட்டில் ஆண்டவர் செய்த அற்புதங்களில் அதைத்தான் நான் பெரியது என்று சொல்வேன்.